மூன்றாவது வெட்டு

இடது கட்டைவிரல் குமிழ் பழுது.
தொடாமல் விட்டாலும் எங்கள் வீரன்
மெல்ல மெல்ல இடப்பக்கம் நடப்பான்.
டண்டினாங் சந்தையில் இருபது டொலருக்கு வாங்கினது.
விற்றவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆடி மாதக் குளிர்.
ஒன்பது மணிக்கு மேல் ஹீற்றர் இல்லை என்பது
நாங்களே போட்ட சட்டம்.
ஒரு போர்வை, இரண்டு பேர், ஒரு கொன்ட்ரோலர்.
செத்தால் கை மாறும்.

குகரூபன் காசைக் கண்டவுடன் கொல்லனிடம் ஓடுவான்.
வாள், வாள், திரும்பவும் வாள்.
ஏழாம் படி வாளும் முதலாம் படிக் கவசமும்:
முட்டை ஓட்டுக்குள் இருந்துகொண்டு
கோடரி வீசுகிற மாதிரி.

நான் எண்ணுவேன்.
சேற்றுப் பேய்க்கு இரண்டு வெட்டு, ஒரு உருளல்.
எலும்பு வில்லாளிக்குத் தூணின் பின்னால் மூன்று மூச்சு,
பிறகு இரண்டு வெட்டு, ஒரு உருளல்.
மூன்றாவதுக்கு ஆசைப்பட்டால்
திரை சிவக்கும்.

அவன் ஒவ்வொரு முறையும் ஆசைப்படுவான்.
"இன்னும் கொஞ்சம்தான் மச்சான் இருக்கு" என்று
எதிரியின் உயிர்க்கோட்டில்
நகக்கண் அளவு சிவப்பைக் காட்டுவான்.
அந்த நகக்கண்ணுக்குள் எத்தனை தரம் செத்திருப்பான்.

சனிக்கிழமைகளில் நான் தவளைக் குளத்துக்குத் திரும்பிப் போவேன்.
தவளைக்கு இரண்டு காசு. இருநூறு தவளை.
ஓவர்டைம் என்று கேலி செய்வான்.
என் பையில் அறுபத்துமூன்று பச்சை மருந்து,
செலவழிக்காத புள்ளி பத்தொன்பது.
பிறகு தேவைப்படும் என்று வைத்திருந்தேன்.
எந்தப் பிறகு என்று ஆட்டத்தில் எழுதியிருக்கவில்லை.
சம்பளத் துண்டிலும் அப்படித்தான்,
எடுக்காத சுகயீன லீவு நூற்றிப்பதினான்கு மணித்தியாலம்.

கொம்பன் (பெயர் நாங்கள் வைத்தது)
சதுப்புக் கோட்டையின் கடைசிக் கதவுக்குப் பின்னால்.
அங்கே இருட்டு.
அடி எங்கிருந்து வந்தது என்று
விழுந்த பிறகுதான் தெரியும்.
வாளோடு அவன் பதினாறு தரம் செத்தான்,
கேடயத்தோடு நான் பதினொரு தரம்.

பன்னிரண்டாவதில் குகரூபன் சிரிக்கவில்லை.
பையைத் திறந்து பார்த்தான்.
"செத்தவன்ட பையில அறுபத்திமூண்டு மருந்து."
கொன்ட்ரோலரை வாங்காமல்
தேத்தண்ணி போடப் போய்விட்டான்.

பத்தொன்பதையும் விளக்கில் போட்டேன்.
கொல்லனின் பட்டியலில் கடைசி வரி,
அது வரைக்கும் நாங்கள் இறங்கிப் பார்த்ததே இல்லை.
கதவு திறந்தது.
அன்றுதான் கொம்பனை முழுதாகக் கண்டேன்:
கிழட்டு எருமை முகம், ஒரு கொம்பு ஒடிந்தது,
அடிக்குமுன் வலது தோள் ஒரு விரல் உயரும்.
இருபத்தெட்டுச் சாவும்
அந்தத் தோளில்தான் இருந்திருக்கிறது.

தோள் உயர்ந்தால் இடப்பக்கம் உருள்.
இடப்பக்கம் எங்களுக்கு எப்போதும் இலவசம்.
இரண்டு வெட்டு. தோள். உருளல்.
மருந்தைத் தண்ணியாகக் குடித்தேன்.
பை காலி. நகக்கண் அளவு சிவப்பு,
அவனுக்கும் எனக்கும்.
"விடாத" என்றான் குகரூபன், கோப்பையோடு நின்றபடி.
"விலகு" என்றும் அவனேதான் சொன்னான்.
மூன்றாவதை வெட்டினேன்.

காசு கொட்டியது.
அள்ளிக்கொண்டு கொல்லனிடம் போனால்
கடைக் கதவில் பூட்டு.
கொம்பனோடு கதை முடிகிறதாம்.

மணி நாலு இருபது.
சலாட் பக்டரியில் ஐந்தரைக்குக் கார்ட் அடிக்கவேணும்.
கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைக்
குகரூபன் மைக்கி கார்ட்டால் சுரண்டினான்.
சந்தியில் சிவப்பு விழுந்தபோதுதான்
டிவியை நிற்பாட்டாதது ஞாபகம் வந்தது.
திரும்ப நேரமில்லை.

போர்வைமேல் கிடந்த கொன்ட்ரோலரில்
ஒரு விரலும் இல்லாமல்
அவன் இடப்பக்கமாக நடந்துகொண்டிருப்பான்,
சதுப்பைத் தாண்டி, நாங்கள் போகாத பக்கம்,
பத்தொன்பது புள்ளி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு.