கணுக்காலுக்கு மேலே

படகை விட்டு இறங்கும்போதே
கட்டணத்தைச் சொல்லிவிட்டார் ஊர்த்தலைவர் மெல்சுல்.
அசையாத படத்துக்கு ஐயாயிரம் வாட்டு,
அசையும் படத்துக்குப் பதினைந்தாயிரம்.
மழை வந்தால் பணம் திரும்பாது.
வேடத்தைத் தொட்டால் ஒரு பன்றி.
"கொம்புப்பல் வளைந்த பன்றி" என்று சேர்த்தார்,
என் பையைப் பார்த்தபடி.

இரவெல்லாம் எரிமலை தும்மியதில்
லென்ஸின் மேல் சாம்பல்.
துடைத்தால் கீறும். ஊதினேன், ஊதினேன்.
ஒரு சிறுவன் வந்து
தானும் ஊதினான், எச்சிலோடு.

குடைந்த மரங்கள் முழங்கத் தொடங்கின.
காட்டிலிருந்து வந்தார்கள்.
வந்தன என்று சொல்ல வேண்டும்.
தோளிலிருந்து தரைவரை காய்ந்த வாழைச் சருகு,
அதன்மேல் சிவப்பும் பச்சையுமாய்க் கூம்பு முகம்,
கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கீறல்.
சருகு உரசும் சத்தம்
மழைக்குச் சற்று முந்திய தோப்பு.
உள்ளே யார் என்று கேட்கக் கூடாது.
உள்ளே யாரும் இல்லை.
ஆடி முடிந்ததும் வேடங்களை எரித்துவிடுவார்கள்,
வந்தது தங்கிவிடக் கூடாதல்லவா.

நானூற்றுப் பன்னிரண்டு முறை அழுத்தினேன்.
தொடவில்லை.

மாலையில்
இலையில் பொதிந்த கிழங்கு சூட்டுக் கற்களுக்கடியில் வெந்துகொண்டிருக்க,
பெண்கள் சூழ்ந்துகொண்டு திரையைப் பார்த்தார்கள்.
இரண்டு விரலால் பெரிதாக்க
லிசிங் உடனே கற்றுக்கொண்டாள்.
முகத்தைப் பெரிதாக்கினாள். சருகைப் பெரிதாக்கினாள்.
அடுத்த படத்தில்
சருகு விலகிய நொடியில் குதித்திருந்த
ஒரு காலை.

பெருவிரலில் கட்டு.
நீலத் துணி, மஞ்சள் செம்பருத்தி.

அவள் பாவாடையின் ஓரத்திலும் அதே செம்பருத்தி,
பாதியில் கிழிந்து.

முந்தாநாள் எங்கள் படகில்
நங்கூரம் விழுந்து நகம் பெயர்ந்தது, என் கண்ணெதிரே.
படகோட்டி பொங்மையால்.
அவள் கணவன்.

யாரும் பேசவில்லை.
ஒரு கல் வெடித்தது, பட்டென்று.
லிசிங் கேமராவை என்னிடமே நீட்டினாள்.
"இது சரியாக வரவில்லை. வெளிச்சம் போதாது."

வெளிச்சம் கச்சிதமாக இருந்தது.
அன்று எடுத்ததில் அதுதான் படம்.

இரவு, காட்டோரம் புகை எழுந்தபோது
அழிக்கும் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்தேன்,
எடுத்தேன், மறுபடி வைத்தேன்.
கடைசியில் வெட்டினேன்,
கணுக்காலுக்கு மேலே, ஒரு விரற்கடை தள்ளி.
வெட்டியதும் அது
தரையே வேண்டாததுபோல் நின்றது.
மிச்சத்தை அழித்தேன்.
(பேராசைதான். முழுவதையும் அழித்திருக்கலாம்.)

இரண்டு மாதம் கழித்துப் பத்திரிகை ஆசிரியர் எழுதினார்:
"நல்ல படம். ஆனால் காலை வெட்டிவிட்டீர்களே,
பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யாத பிழை."
மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டேன்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல.
திரும்பிப் போகும் காலை, கறுப்பு மணலில்
படகை நீருக்குள் தள்ளிவிட்டு ஏறிய பொங்மையால்
மோட்டார் கயிற்றை இழுத்தபடி கேட்டான்:
"ஆட்டம் நன்றாக இருந்ததாமே?
நான்தான் பார்க்கவில்லை. மீனுக்குப் போய்விட்டேன்."

"கிடைத்ததா?"

"ஒன்றும் இல்லை."

மூன்றாவது இழுப்பில் மோட்டார் பிடித்தது.
கால்விரலில் புதுக் கட்டு:
வெள்ளைத் துணி, பூ இல்லாதது.