பொருள் கிடைத்தது

மழை விட்ட அரைமணி நேரத்தில்தான்
பெர்கன் நகரம் குடைகளைத் தொலைக்கிறது.
டிராம் டெப்போவின் பின்னறையில்
எழுநூற்றுப் பன்னிரண்டு குடைகள்,
ஒற்றைக் கையுறைகள், ஒரு பல்செட்,
ஒரு ட்ரம்போன்.
இத்தனைக்கும் ஒரு மென்பொருள் வேண்டுமாம்.
அதற்கு முன்னால் ஒரு வரைபடம்.
அதற்குத்தான் நான்.

வெள்ளைப் பலகையில் நீச்சல் தடங்கள் பிரித்தேன்:
ஓட்டுநர், கிடங்கு, கவுன்ட்டர்.
இடது மேல் மூலையில் ஒரு கரும்புள்ளி.
எல்லாம் தொடங்கும் இடம்.
பொருள் கிடைத்தது.
அம்பு. பதிவு செய்.
அம்பு ஒரு தடித்த கோட்டில் முட்டி
இரண்டாகிறது:
ஒன்று பொருளை அலமாரியில் ஏற்றும்
மற்றது சொந்தக்காரரைத் தேடிப் போகும்.
இரண்டும் திரும்பும்வரை
கீழே இன்னொரு தடித்த கோடு
காத்து நிற்கும்.
ஒன்று வந்து மற்றது வராவிட்டால்?
நிற்கும், அவ்வளவுதான்.
கோட்டுக்குக் கால் வலிக்காது.

பிறகு சாய்சதுரம்: ஆள் வந்தாரா?
ஆம் என்றால் கையெழுத்து.
இல்லை என்றால் தொண்ணூறு நாள், ஏலம்.
வட்டத்துக்குள் புள்ளி. முடிந்தது.
அழகாக இருந்தது, நானே சொல்கிறேன்.

கவுன்ட்டர் குட்வேய்க்
காபிக் கோப்பையோடு வந்து
வெகுநேரம் பார்த்தாள்.
"இதில் ஹால்டிஸ் எங்கே?"

வியாழன்தோறும் வருகிற ஹால்டிஸ்.
கணவருடைய இடது காது மிஷின்
மார்ச்சில் டிராமில் விழுந்தது.
அன்றிலிருந்து வலப்பக்கம் நின்றுதான்
அவரோடு பேசுகிறாளாம், சண்டைகூட.

"பொருள் வரவே இல்லை. ஆள்தான் வருகிறாள்.
வருகிறவர்களில் பாதி அப்படித்தான்.
உன் படத்துக்குள் நுழைய
அவர்களுக்கு வாசல் இல்லையே."

பார்த்தேன்.
கண்டெடுப்பதில் தொடங்கியிருந்தேன்.
என் பலகையில் யாரும் எதையும்
தொலைத்திருக்கவே இல்லை.

வலது மூலையில் இன்னொரு கரும்புள்ளி வைத்தேன்:
தொலைந்தது.
அங்கிருந்து ஓர் அம்பு கவுன்ட்டருக்கு,
கவுன்ட்டரிலிருந்து சாய்சதுரத்துக்கு,
இருக்கிறதா?
இல்லை என்ற பக்கம் எங்கே போவது என்று
பேனாவைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.
குட்வேய்க் அதைப் பிடுங்கி
வந்த வழிக்கே அம்பை வளைத்து
மேலே எழுதினாள்: அடுத்த வியாழன்.

ஒஸ்லோவிலிருந்து எய்விண்டின் பதில்
சிவப்பு மையில் வந்தது:
இரண்டு தொடக்கங்கள், சரி, விதி அனுமதிக்கிறது.
இந்தச் சுழல் மட்டும் முடியவே முடியாது.
வெளியேறும் நிபந்தனை என்ன?

கீழே போய்க் கேட்டேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹால்டிஸ்
நனைந்த கோட்டோடு
படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"நாலு மணிக்கு மூடுவோம்,"
என்றாள் குட்வேய்க்.