மொழிபெயர்த்த வகையில்

மொழிபெயர்த்த வகையில் ரூபாய் ஐந்நூறு,
வடாபாவ் இரண்டு, தொண்டைக்கு ஒரு சோடா.
கட்சி ஆபீஸ் நோட்டில் என் பெயருக்கு நேரே
அப்படித்தான் எழுதியிருக்கிறது.

சீட்டா கேம்ப்பில் எங்கள் செக்டருக்கு
சுஹாஸ் பாலேராவ் ஓட்டுக் கேட்டு வந்தது
தண்ணீர் விடும் நேரம்.
பாதிப் பெண்கள் குடத்தோடுதான் நின்றார்கள்.
அவருக்குத் தமிழ், வணக்கம் வரைக்கும்.
எங்கள் தெருவுக்கு மராட்டி, பஸ் போர்டு வரைக்கும்.
நடுவில் நான்,
ரேஷன் கடை முனையில் விண்ணப்பம் எழுதுகிற ரஹ்மத்நிஷா.
பக்கத்துக்கு இருபது ரூபாய், கார்பன் நகல் இனாம்.

"இப்பகுதியின் பிரச்சினைகள் என் கவனத்தில் உள்ளன.
உரிய முறையில் பரிசீலிக்கப்படும்" என்றார் மராட்டியில்.

நான் சொன்னேன்:
"ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு
மான்கூர்ட் ஸ்டேஷனிலிருந்து ஒரு பஸ் கிளம்பும்.
மெயின் ரோட்டோடு திரும்பிவிடாது, உள்ளே வரும்.
பள்ளிவாசல் திருப்பத்தில் நிற்கும்."

ஒரு குடம் கீழே இறங்கியது.
பிறகு இன்னொன்று.

யோசித்துச் சொன்னதில்லை.
டெப்போ மேனேஜருக்கு அந்த வாக்கியத்தை
ஏழு தடவை மராட்டியில் எழுதியிருக்கிறேன்,
சயான் ஆஸ்பத்திரியில் இரண்டாம் ஷிப்டு பார்க்கிற
இசக்கியம்மாளுக்காக.
பகலில் பதினைந்து ரூபாய் வாங்கும் ஷேர் ஆட்டோ
பத்தரைக்கு மேல் எண்பது கேட்கும்,
இல்லையென்றால் ஹைவேயிலேயே இறக்கிவிடும்.
கை தானாக எழுதுகிற வாக்கியம்
அன்றைக்கு வாய்க்கு வந்துவிட்டது.

கைதட்டல்.
பாலேராவ் திகைத்துப்போனார்.
பரிசீலனைக்கு இவ்வளவு கைதட்டலை
அவர் எங்கேயும் வாங்கியதில்லை.
குரலை ஏற்றி, "சட்டம் ஒழுங்கு நமது முதல் கடமை" என்றார்.

"பூட்டிக் கிடக்கிற சௌக்கியைத் திறப்பேன்" என்றேன்.
"உள்ளே இருக்கிற கேரம்போர்டை எடுத்துவிட்டு
மேஜை ஒன்று போடுவேன்.
ஹவில்தார் தவ்டே ஒன்பது மணிக்கு மேலும் அங்கே இருப்பார்.
புகார் கொடுக்க வருகிற பெண்ணிடம்
அந்த நேரத்தில் உனக்கு வெளியே என்ன வேலை என்று
முதல் கேள்வியாகக் கேட்கமாட்டார்."

தவ்டே அங்கேதான் நின்றார், பந்தோபஸ்துக்கு.
தன் பெயர் மட்டும் காதில் விழுந்திருக்க வேண்டும்,
கூட்டத்தைப் பார்த்து
சல்யூட் மாதிரி ஏதோ செய்தார்.
பின்னால் மெஹருன் தலை தூக்கிப் பார்த்தாள்.
மார்ச் மாதம் அவள் புகாரை எழுதியது நான்தான்.
இரண்டு பக்கம்.
ஒரு பக்கத்துக்குத்தான் காசு வாங்கினேன்.

ஜீப்பில் ஏறும்போது கேட்டார், என்ன சொன்னாய்?
நீங்கள் சொன்னதைத்தான் சாகேப்,
தமிழில் கொஞ்சம் நீளும்.

அடுத்த தெருவில் அவர் ஒரே வரி பேசிவிட்டு
என் முகத்தைப் பார்த்து நின்றார்,
பந்தியில் உட்கார்ந்தவன் வாளியைப் பார்ப்பதுபோல.

ஜெயித்தார். இருநூற்றுச் சொச்சத்தில்.
பஸ் வந்தது.
பதினொன்று பத்துக்கு.
அந்நேரம் இசக்கியம்மாள்
குர்லாவில் ரயில் மாறிக்கொண்டிருப்பாள்.
சௌக்கிக்கு நீலமும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்து
அவர் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறார்கள்.
பூட்டும் புதுசு.

ஒவ்வொரு நாளும் யாராவது என் மேஜைக்கு முன் வந்து,
நாற்பதுன்னு சொன்னியே அக்கா, என்கிறார்கள்.
சொன்னேன்தான்.
அவர் சொன்னார் என்று ஒருவரிடமும் சொல்ல நா எழவில்லை.

நேற்று எட்டாவது விண்ணப்பம் எழுதினேன்.
நகர்சேவக் அவர்களுக்கு,
தாங்கள் எங்கள் தெருவில் நின்று வாக்களித்தபடி, என்று தொடங்கி
நேரம், திருப்பம், மேஜை, ஹவில்தார்,
கேட்கக்கூடாத கேள்வி, எல்லாம்.
கீழே நாற்பத்தொரு கையெழுத்து,
அதில் ஒன்பது கைநாட்டு.
இரண்டு மூன்றில் ஈரம் பட்டு மை பரவியிருக்கிறது,
குடம் வைத்த கை.

இந்தத் தடவை மராட்டியில் எழுதவில்லை.
முழுக்கத் தமிழ்.
படித்துச் சொல்ல
என்னைத்தான் கூப்பிட வேண்டும்.