ஏழாம் கட்டம்

அரெகிப்பாவின் இந்த மேட்டில்
எந்த வீடும் முடிந்ததில்லை.
எதிரே மிஸ்தி எரிமலை.
அதற்கும் கூரை போடவில்லை.

பதினோரு வருடமாக எண்ணுகிறேன்.
நகராட்சிப் படிவத்தில் ஏழாம் கட்டம்:
கட்டி முடிந்ததா?
முடிந்தால் வரி. முடியும்வரை இல்லை.
ஏழை மூச்சு வாங்கிக் கட்டட்டும் என்று
யாரோ ஒருவர் நல்ல மனதோடு எழுதியது.
வீட்டைக் கட்டிப் பார் என்றது சட்டம்.
முடித்துத்தான் பாரேன் என்றதும் அதுவே.

மாடிதோறும் மூலைக்கு நான்கு கம்பிகள்
தலையில் கவிழ்த்த பிளாஸ்டிக் பாட்டிலோடு
காற்றில் ஊளையிடுகின்றன.
கைப்பிடிச் சுவர் எழுப்பினால் வீடு முடிந்துவிடும்.
ஆகவே சுவர் இல்லை.
ஆகவே மாடி நாய்களுக்குக் கயிறு உண்டு.
ஆகவே போன ஆகஸ்டில்
பட்டத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் பின்னால் நடந்த
ரெனான், வயது ஒன்பது

அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

ஹெர்மெலிண்டா கதவைத் திறக்கிறாள்.
வெளியே பூசாத செங்கல்.
உள்ளே எலுமிச்சை நிறச் சுவர், முகம் தெரியும் டைல்ஸ்,
சரிகை உறை போட்ட டிவி.
எப்போது முடிப்பீர்கள்?
"மேல்மாடி மகனுக்கு. இக்கீக்கேயிலிருந்து வரட்டும்."
எட்டு வருடமாக இதே பதில்.
முதலில் அது வரிக்குச் சொன்ன பொய்.
எந்த வருடத்தில் அவள் அதை நம்பத் தொடங்கினாள் என்று
எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.
இம்முறை கம்பிகளுக்கு வண்ணம் பூசியிருக்கிறாள்.
இல்லை என்று குறிக்கிறேன்.
காபி தருகிறாள்.

கடைசி வீடு வில்பெருடையது.
இடுப்புயரச் சுவர், நான்கு பக்கமும்.
கம்பிகளை அறுத்துவிட்டான்.
சிமென்ட் இன்னும் ஈரம்.
தெருவில் யாரும் அவனோடு பேசுவதில்லை;
ஒரு வீடு முடிந்தால்
மற்றதெல்லாம் பொய்யாகிவிடுகிறது.
"ஆம் என்று போடு" என்கிறான்.
சுவர் காயவில்லையே, அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறேன்.
பேனாவை என் கையிலிருந்து வாங்கி
அவனே குறிக்கிறான்,
தாள் கிழியும் அழுத்தத்தில்.

என் வீடு இரண்டு தெரு தள்ளி.
எனக்கும் கம்பிகள் உண்டு. சிவப்பு பாட்டில்கள்.
மகள் இந்த வாரம் மாடிப்படியில்
ஐந்தாவது படிவரை ஏறிவிட்டாள்.

செங்கல் என்ன விலை என்று விசாரித்திருக்கிறேன்.
வரி எவ்வளவு என்று
யாரையும் கேட்க வேண்டியதில்லை.