டைனமோப் பாட்டு

பற்றறி தடை, சவர்க்காரம் தடை, சீமெந்து தடை.
இங்கிலீசுப் பாட்டை மட்டும்
ஒருத்தரும் தடை செய்ய நினைக்கவில்லை.

அமலதாசின் கசற்றில் ஒன்று மிஞ்சியிருந்தது.
மிச்சமெல்லாம் அவன்ர சித்தப்பாவின் கலியாண வீடு.
மேளம் ஓய்ந்த இடத்தில் திடீரென
ஒரு வெள்ளைக்காரப் பெடியன்
வாய்நிறையச் சிரிப்போடு தொடங்குவான்:
அவள் வாறாளாம்,
ஏழரை ரயிலில் வாறாளாம்,
மழை விட்டிடுமாம், எல்லாம் சரிவருமாம்.
அறுபதுகளில் பாடினது என்றான் தாஸ்.
எனக்கு இங்கிலீசு தெரியாது,
அவன் சொன்னதுதான் கருத்து.

ஒலுமடுவில் நாங்கள் அதைக் கேட்டது
தண்டவாளத்துக்குக் கீழே இருந்து.
சிலிப்பர் கட்டையும் இரும்பும் அடுக்கி
மேலே மண்மூட்டை போட்ட பங்கர்.

வாசலில் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி
நான் மிதிப்பேன்.
மெல்ல மிதித்தால் அவனுக்குக் குரல் தடித்து
செத்தவீட்டுக்கு வந்தவன் மாதிரி இழுப்பான்.
உன்னி மிதித்தால்
அவளும் கெதியாய் வருவாள்.
அவ்வளவு பெரிய நம்பிக்கை
ஒருநேரக் கஞ்சி குடித்த
என்ர முழங்காலில் நின்றது.

கார்த்திகை மழையில் ஓரிரவு
தவமலரக்காவுக்குக் குத்து எழும்பியது.
மனிசன் நெல்லுத் தேடி விசுவமடுவுக்குப் போயிருந்தார்.
சைக்கிளை ஸ்ராண்டிலிருந்து தட்டி இறக்கினேன்,
அக்கா கரியரில்.
வயரைக் கழற்ற நேரமில்லை,
ஹாண்டிலில் உரப்பைக்குள் பிளேயர்
அமத்தின கட்டையோடு தொங்கியது.

சேற்றில் அவன் முனகினான்.
பின்னால் அவவும் முனகினா.
கிரவல் றோட்டில் ஏற
இரண்டு பேரும் கத்தத் தொடங்கினார்கள்.
"ஆரடா அவள், இன்னும் வரேல்லையோ?"
"வாறா அக்கா, வாறா."
"கதையாதை. மிதி."

பாட்டு முடிந்து கெட்டிமேளம் கொட்டியது.
மாங்குளம் தாண்ட ரேப்பும் முடிந்தது.
பிறகு மல்லாவி வரைக்கும்
என்ர மூச்சும் தவளையும்தான்.

பெண்பிள்ளை.
ஏழரைக்கு இல்லை, நாலு பத்துக்கு.
நேர்ஸ் கொப்பியில் எழுதும்போது
எட்டிப் பார்த்தேன்.

விடிய ஆஸ்பத்திரி மதிலோரம் குந்தியிருந்து
பேனைக்கட்டையால் ரேப்பைச் சுற்றினேன்.
திரும்பி வரக் கரியரில் பாரமில்லை.
கால் தன்பாட்டில் ஓடியது.
பெடியன் சுண்டெலிக் குரலில் கீச்சிட்டான்,
ஒரு சொல்லும் விளங்கவில்லை,
ரயில் எத்தனை மணிக்கென்றுகூட.
தண்டவாளம் கழற்றின மேட்டில்
மாடுகள் நனைந்துகொண்டு நின்றன.
மணி அடித்தேன். விலகவில்லை.
நடுறோட்டில் தனியே நின்று
வயிறு நோகச் சிரித்தேன்.
சில்லு நிற்க, அவனும்
"அவள்..." என்ற இடத்தில்
இழுத்து, இழுத்து, நின்றான்.