வெறுவயிற்றில் ஒரு மணித்தியாலம்

ஐந்து மணிக்கு அலாரம்.
ஒரு வெள்ளைக் குளிசை, அரைக் கிளாஸ் தண்ணீர்.
ஆறு மணி வரைக்கும் தேத்தண்ணி இல்லை.
குகநேசன் தன் கோப்பையை
முற்றத்துக்குக் கொண்டுபோய்க் குடிக்கிறார்,
மணம் எனக்கு வரக்கூடாதாம்.
காற்று எந்தப் பக்கம் என்று அவர் பார்ப்பதில்லை.

போன வைகாசியில் பிடித்தது இது.
கொக்குவிலில் றோட்டுத் தார் இளகிக் கிடக்க
நான் காலுறை போட்டுக்கொண்டு
ஃபான் காற்றுப் படாத மூலையில் நின்று
பதினோராம் ஆண்டுக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன்.
"ரீச்சருக்குக் காய்ச்சலோ?"
குளியலறைத் துவாரத்தில் என் தலைமயிர்
சின்னப் பிராணிபோலச் சுருண்டு படுத்திருக்கும்.
எடுத்து வீசுவேன்.
அடுத்த நாளும் வந்து படுத்திருக்கும்.

முதல் ரிப்போட்டில் பதினெட்டு.
எண் கூடினால் நான் குறைந்துவிட்டேன் என்று அர்த்தமாம்.
கணக்கு வாத்தியார் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

பிறகுதான் கொப்பி.
கோவாவை விடு என்றார் மாமி. எழுதினேன்.
பூக்கோவாவும் அதுதானே என்றார்கள். எழுதினேன்.
ரொறன்ரோவிலிருந்து சுகிர்தா, எனக்கு நள்ளிரவு:
"கோதம்ப மாவைத் தொடாதை. பாணும் வேண்டாம்.
நாளுக்கு ரெண்டு பிரேசில் கொட்டை தின்."
திருநெல்வேலிச் சந்தையில் கேட்டுப் பார்த்தேன்.
"அது எந்த ஊர்ச் சாமான் பிள்ளை?
பனங்கொட்டை எண்டால் இருக்கு."
கடற்பாசி நல்லது என்றார் ஒரு சக ஆசிரியர்,
அயடீன் கூடினாலும் கெடுதி என்றார் மற்றவர்,
ஒரே மேசையில், ஒரே சோத்துப் பார்சலைப் பிரித்தபடி.
மரவள்ளியை மட்டும் எல்லோரும் சேர்ந்து விலக்கினார்கள்.
எங்கள் ஊரில் எல்லோரும் சேர்வது அபூர்வம்.
அதனால் நம்பினேன்.

ஐந்து மாதம்.
மாமி வீட்டில் கூழ் காய்ச்சிய ஞாயிறுகளில்
நான் சோறும் பருப்பும் கட்டிக்கொண்டு போனேன்.
எண் பதினொன்றுக்கு இறங்கியது.
குளிசையாலா, கோவா இல்லாததாலா?
இரண்டு மாறிகளை ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது என்று
வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான்.

போதனா வைத்தியசாலை. இலக்கம் எண்பத்தேழு.
டொக்டர், என்னைவிடக் களைத்த ஒரு பிள்ளை.
"உங்கட உடம்பே உங்கட சுரப்பியோட
சண்டை பிடிக்குது, அம்மா."
"ஏன் தொடங்கினது?"
"சொல்லேலாது."
பின்னால் எண்பத்தெட்டு சிரித்துவிட்டாள்.
சண்டைகளைப் பற்றி எங்களுக்கு
இதே பதிலை முன்பும் சொல்லியிருக்கிறார்கள்.

கொப்பியை நீட்டினேன். ஒன்பது பக்கம்.
புரட்டினாள். எழுத்து வடிவாம்.
"அவிச்சு, அளவாச் சாப்பிடுங்கோ, ஒண்டும் செய்யாது.
கல்சியம் குளிசை எப்ப போடுறனீங்கள்?"
"காலமை, இதோடையே சேர்த்து."
பேனா நின்றது.
"அதை நாலு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கோ."
ஒன்பது பக்கத்திலும் நான் எழுதாத ஒரு வரி.

செவ்வாய்க்கிழமை மாப்பொருள் சோதனை.
வெள்ளைத் தட்டில் மரவள்ளித் துண்டு,
அதன்மேல் இரண்டு துளி அயடீன்.
ஐந்து மாதமாய் என்னைப் பயமுறுத்திய இரண்டும்
என் கண்முன்னே தொட்டுக்கொண்டன.
கருநீலம்.
பிள்ளைகள் "ஆ" என்றார்கள். நானும் சொல்லியிருப்பேன்.
"மிச்சக் கிழங்கை என்ன செய்யிறது, ரீச்சர்?"
என்றாள் யதுர்ஷிகா.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
மூடாமல் அவித்தேன்.
செத்தல் மிளகாய் இடித்துச் சம்பல்.
மூன்று துண்டு சாப்பிட்டேன்.
நாலாவதை வைத்துவிட்டது
பயத்திலா, வயிறு நிரம்பியா, தெரியாது.
கொப்பியில் எழுதவில்லை.

அடுத்த இரத்தம் பொங்கல் கழிய.
எண் என்ன சொல்லுமோ.
இப்போது ஐந்தரை.
விரல் நுனியில் ஊதா இன்னும் போகவில்லை.
குகநேசன் கோப்பையோடு முற்றத்துக்கு இறங்குகிறார்.
இன்றைக்குக் காற்று இந்தப் பக்கம்.