ஏழாம் வேற்றுமை

தாளில் ஒரு கோடு மட்டும் காலி.
வளரிடம். அதை லத்தீனில் எழுத வேண்டும்.
கிருஷ்ணகிரி அணையில் நீர் இறங்கிய மே மாதம்
தண்ணீர் விட்டுப்போன வெளியில்
கட்டைவிரல் நகமளவு செடி,
மஞ்சள் பூ, ஐந்து இதழ்.
யாரும் இன்னும் பெயர் வைக்கவில்லை என்று
நினைக்கிறேன். தப்பாகவும் இருக்கலாம்.

ஜெராக்ஸ் அகராதியில் சேற்றுக்கு ஒரு பக்கம்.
லிமஸ்: வழுக்கும் சேறு, நீர் படியவைத்தது.
லுதும்: மிதிபடும் சேறு, குயவனுக்கும் ஆகும்.
ஆர்ஜில்லா களிமண். கிளாரியா சரளை.
உலிஜினோசஸ் என்றால் ஊறிக்கொண்டே இருக்கும் நிலம்;
வாய்விட்டுச் சொன்னால்
செருப்பை உருவி எடுக்கும் சத்தம் கேட்கிறது.
கைனும் என்பதற்கு எதிரே
நாறும் சேறு, மலம், ஒரு வசவு.
பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

பரிசல்காரர் திம்மராயனிடம் கேட்டேன்:
"இதுக்கு என்ன பேருங்க?"
செடியைக் கேட்கிறேன் என்று நினைத்து
"களை" என்றார்.
சேற்றைக் காட்டினேன்.
"இங்க நிக்கிறது சேறு. அந்தப் பக்கம் சகதி.
மதகுகிட்ட உளை, போயிடாதீங்க,
போன வருசம் ஒரு எருமை போச்சு.
வண்டல்னா லாரியில ஏத்தினப்புறம்."
வீட்டில் அவருக்கு அது புரத.
சம்சாரம் தளிப் பக்கம், அவளுக்குக் கெசரு.
"சண்டைன்னு வந்தா எல்லாம் வரும்."

எழுதினேன்: இன் லிமோ.
இடத்தைச் சொல்ல அவர்களுக்கும் வேற்றுமை உண்டு,
கடைசி அசை போய் ஓ வரும், அவ்வளவுதான்.
நம் சேறு 'இல்' ஏற்றால் சேற்றில்.
றகரம் இரட்டிக்கிறது,
உள்ளே வைத்த கால்
இன்னும் ஒரு சாண் இறங்குகிற மாதிரி.

செடிக்கு லூதேயா என்று வைத்திருந்தேன்,
மஞ்சள் நிறத்தவள்.
லத்தீன் திருத்துபவர் பிரஸ்ஸல்ஸிலிருந்து எழுதினார்:
மஞ்சள் என்கிறீர்களா, சேற்றுக்காரி என்கிறீர்களா?
எழுத்து ஒன்றேதான். முதல் அசை குறிலானால் சேறு,
நெடிலானால் மஞ்சள் சாயம் காய்ச்சும் ஒரு பூண்டு.
தெளிவுபடுத்தவும்.

பஸ் ஸ்டாண்டில் நின்று சிரித்தேன்.
இரண்டாயிரம் வருசம் இந்த ஒரு சுழி இல்லாமலா
சமாளித்தார்கள்!
என் ஒன்றாம் வகுப்பில்
லுவுக்கு லூ போட்டால் முட்டியில் விழும்.

தெளிவுபடுத்தவில்லை.
"இரண்டும்" என்று பதில் போட்டேன்.

ஆனால் கைனும்.

முழங்கால் வரை நான் நின்ற கரையில்
மண்வாசனை எதுவும் வரவில்லை.
மேலே ஊர்கள் துவைத்ததும் குளித்ததும் கழுவியதும்
தென்பெண்ணை வழியாக இறங்கி இங்கே படிகிறது.
நுரை ஒதுங்கிய இடத்தில்தான் செடி அடர்த்தி.
மூன்று நாள் எனக்குக் காலில் அரிப்பு.
அகராதி சரியாகத்தான் சொல்லியிருந்தது.
செடிக்கு ஒன்றுமில்லை, வெட்கம் எனக்குத்தான்.
ஒரு உயிரின் பிறந்த இடத்தை முதல்முதலாக எழுதும்போது
சாக்கடை என்று எழுதக் கை வரவில்லை.
லிமோ என்றே அச்சாகிவிட்டது.

அக்டோபரில் பதினெட்டு அடி நீர் ஏறியது.
அந்த இடத்துக்கு நேர் மேலே
திம்மராயன் ஜிலேபி மீன் பிடிக்கிறார்.

வேரைக் கழுவித்தான் தாளில் ஒட்ட வேண்டும்.
ஒன்றை மட்டும் நான் கழுவவில்லை.
இன்று உறையைத் திறந்தால்
வேரோடு வந்தது உதிர்ந்து
காகித மடிப்பில் சாம்பல்நிறமாக,
ஒரு சிட்டிகை மூக்குப்பொடி.
இதற்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை,
அகராதியில் வெகுதூரம் தள்ளி, ப வரிசையில்: புல்விஸ்.

விரலை நாக்கில் தொட்டு
அதன்மேல் வைத்தேன். செய்யக் கூடாது.

சோப்பு வாசனை.